மலையேறிய முதல் நாள்

பயணம் சென்று வந்தோர் பெரும்பாலும் இரண்டு நாட்களைப் பற்றியே பேசுவர். ஒன்று புறப்பட்ட நாள். மற்றொன்று கண்டு களித்த நாள். இவ்விரண்டுக்கும் இடையே, சென்று சேர்ந்த நாள் என ஒன்று உண்டு. அந்நாளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அந்நாளில் புகைப்படமும் அதிகம் எடுப்பதில்லை. மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நின்ற முகங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும், ஒரு குடும்பத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோர் காணவேண்டிய நாள் அதுவே. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கேளிக்கைப் பூங்காக்களை நாடிச் செல்லும் குடும்பங்களிடத்தில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும்.

அந்நாளின் சிக்கல் எளிமையானது. தங்கும் விடுதியில் அறை கிடைப்பது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. பூங்காவின் நுழைவுச் சீட்டோ மணிக் கணக்கில் விற்கப்படுவதன்று. நாள் கணக்கில் விற்கப்படுவது. காலையில் கதவு திறக்கும்போது நுழைந்தவருக்கும், நண்பகல் கடந்து நுழைந்தவருக்கும் விலை ஒன்றே. ஆகவே, வந்து சேர்ந்த அன்றே உள்ளே புகுந்தால் பாதிப் பணம் வீண். புகாவிட்டால், வாசலில் நின்று ஏங்கும் பிள்ளைகளுக்கு என்ன விடை சொல்வது?

உலகெங்கும் குடும்பங்கள் இக்கேள்வியோடு போராடியே வந்திருக்கின்றன. அமெரிக்காவின் புளோரிடாவில் வால்ட் டிஸ்னி உலகம் 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டது. பல நாள் தங்கிப் பார்க்க வேண்டிய இடம் அது. வந்து சேரும் நாளில் சீட்டு வாங்காமல், விடுதியின் நீச்சல் குளத்திலும் உணவுக் கூடத்திலும் பொழுதைப் போக்கி, மறுநாள் விடியலில் பூங்காவுக்குள் நுழையும் வழக்கம் அங்கு வரும் குடும்பங்கள் பலவற்றிடம் உண்டு. அனுபவம் கற்றுத் தந்த சிக்கனம் அது எனலாம்.

அதே 1971ஆம் ஆண்டில்தான் நம் நாட்டுக் கெந்திங் மலையின் உச்சியிலும் முதல் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. சீனாவின் பூஜியான் மாநிலத்தில் பிறந்து, 1937இல் மலாயா வந்து சேர்ந்த லிம் கோ தோங், 1964இல் கேமரன் மலையில் நீர்மின் திட்டப் பணியில் ஈடுபட்டிருந்தார். அந்தக் குளிர்ந்த காற்றை நாடி மக்கள் வருவதைக் கண்ட அவருக்கு, கோலாலம்பூருக்கு அருகிலேயே இப்படி ஒரு மலை வாழிடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் தோன்றியது. பகாங், சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையில் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருந்த காட்டை அவர் தேர்ந்தார். 1965இல் சாலைப் பணி தொடங்கியது. 1969இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். அதன் பின்னர் அம்மலை அடைந்த வளர்ச்சி ஊரறிந்தது. 1997இல் வான்வழிக் கம்பி ஊர்தி ஓடத் தொடங்கியது. பழைய வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பெற்றது. அந்த இடத்தில் 2022 பிப்ரவரியில் புதிய பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. மலை மேலுள்ள விடுதிகளுள் ஒன்று 7,351 அறைகளைக் கொண்டது என்று 2015இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. ஒரு சிற்றூரையே அடைக்கலாம்! நண்பகலில் அந்த மலையிலிருந்து இறங்குவோரும் அங்கே ஏறுவோரும் ஆயிரக்கணக்கில் எதிரெதிரே வந்தால், வரிசை நீளாமல் என் செய்யும்?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த மனிதர் ஒருவர், அண்மையில் பள்ளி விடுமுறையின்போது தம் குடும்பத்தோடு அம்மலைக்குச் சென்றார். வயது ஐம்பதை எட்டியவர். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். மனைவி, பதினைந்து வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபதைக் கடந்த தாயார் ஆக ஐவர். இரண்டு இரவு தங்க அறை பதிவாகியிருந்தது. அதற்காக அவர் ஓராண்டாக மிகைநேர ஊதியத்தைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

விடியற்காலை 5 மணிக்கு மகிழுந்து புறப்பட்டது. இல்லத்தரசி முந்தைய இரவு உறங்கவேயில்லை. குளிராடைகளை அடுக்கியதும், கதவுகளை இருமுறை சரிபார்த்ததும், மாமியாரின் மாத்திரைகளைக் காலை மாலை எனப் பிரித்துக் கட்டியதும் அவர்தாம். மூதாட்டியும் உறங்கவில்லை. புளிச்சோறும், நெத்திலிச் சம்பாலும், அவித்த முட்டையும் ஆயத்தம் செய்து அடுக்குப் பாத்திரத்தில் நிரப்பிவிட்டுத்தான் அமர்ந்தார். “மேலே எல்லாம் கிடைக்கும் அம்மா, எதற்கு இதெல்லாம்?” என்று மகன் கேட்டார். “கிடைக்கும், காசுக்குத்தானே கிடைக்கும்?” என்றார் அவர். அதற்கு மறுமொழி ஏது?

தாப்பா ஓய்விடத்தில் நின்று பசியாறினார்கள். சிறுவன் ஒரு மிடறு மைலோவுக்கு ஒரு கேள்வி வீதம் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வண்டி தலைகீழாகச் சுற்றுமா? எத்தனை முறை ஏறலாம்? உயரம் போதாது என்று நிறுத்திவிடுவார்களா? இறுதிக் கேள்வி அவனை உண்மையாகவே வாட்டியது. பூங்காக்களில் விரைவு வண்டிகளின் வாயிலில் உயர அளவுகோல் நிற்கும். அந்தக் கோட்டை எட்டாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஒரு மாதமாக அவன் வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடிட்டுத் தன்னை அளந்து வந்திருந்தான்.

கோம்பாக் சுங்கச் சாவடியைக் கடந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டிக்குள் பேச்சு குறைந்தது. தந்தையார் மட்டும் பேசிக்கொண்டே வந்தார். “நாங்கள் வந்தபோது பஸ் இந்த ஏற்றத்தில் நடந்துதான் வந்தது, ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் முருகா என்பார்” என்றார். 1983ஆம் ஆண்டில் தோட்டத்துக் கோயில் குழுவினர் ஏற்பாடு செய்த உலாவைத்தான் அவர் குறிப்பிட்டார். வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994இல் தான். எனவே அந்நாளில் பழைய சாலையில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் மலையேறி, மாலை 4 மணிக்கு இறங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சேர்ந்த நாளும் பார்த்த நாளும் திரும்பிய நாளும் ஒன்றே. அறையாவது, விடுதியாவது! பாய் விரித்த இடமே அறை.

அந்த ஒரு நாளில் ஒன்பது வயதுச் சிறுவனாக அவர் கண்டது ஒரு செயற்கை ஏரி. அதில் படகுகள். அவரைப்போன்ற பிள்ளைகள் தகப்பன்மாரோடு படகை மிதித்துக்கொண்டு சென்றார்கள். வேலிக் கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றார். “வரிசை பெரிதாக இருக்கிறது ஐயா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்” என்றார் தாயார். சாப்பிட்டு முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது பேருந்தின் ஊதல் கேட்டது. இந்தக் கதையை அவர் தம் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருந்தார். எப்போதும் நகைச்சுவையாகவே சொல்வார்.

மலையின் இடையிலுள்ள அவானாவில் மகிழுந்தை நிறுத்திவிட்டுக் கம்பி ஊர்தியில் ஏறினார்கள். 2016இல் ஓடத் தொடங்கிய இந்தப் புதிய ஊர்தியின் தடம் 2.8 கிலோமீட்டர் நீளமுடையது. பத்து நிமிடத்தில் உச்சியை அடைந்துவிடலாம். மூதாட்டி முதலில் தயங்கினார். “இது நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறதே, எப்படி ஏறுவது?” என்றார். பேத்தி ஒரு கையையும் மருமகள் மறு கையையும் பற்றிக்கொள்ள, அடுக்குப் பாத்திரத்தை மட்டும் எவரிடமும் கொடாமல் ஏறி அமர்ந்தார். காலடியில் காடு இறங்கிக்கொண்டே போயிற்று. வலப்புறமா இடப்புறமா என்று நோக்குமுன் மூடுபனி வந்து கண்ணாடியை மறைத்தது. பனி விலகியபோது சின் சுவீ குகைக் கோயிலின் அடுக்குக் கோபுரம் தெரிந்தது. கோபுரம் எந்தச் சமயத்தினது என்று மூதாட்டி பார்க்கவில்லை. இரு கைகளையும் கூப்பினார். பிறகு கீழே நெடுநேரம் நோக்கியவர், “இவ்வளவு மரம் இருக்கிறதே, ஒன்றுகூடப் பால்மரம் இல்லை” என்றார். நாற்பதாண்டு பால் வெட்டிய கண்கள் வேறெதைத் தேடும்?

உச்சியை அடைந்தபோது மணி 12. அறைக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

இந்த மூன்று மணி நேரத்தில்தான் குடும்பங்கள் குடும்பங்களாகத் தெரிகின்றன. பெரிய கூடத்தின் ஓரங்களில் பெட்டிகளைச் சுவராக அடுக்கி, நடுவில் குழந்தைகளைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு சீனக் குடும்பத்தின் பாட்டனார் பெட்டிமேல் அமர்ந்தபடியே உறங்கினார். சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் இரவு முழுதும் வந்த இளம் தம்பதியர், ஒருவர் கைக்குழந்தையை வைத்திருக்க ஒருவர் உண்பதென முறை வைத்துக்கொண்டார்கள். பதிவு முகப்பில் எண் அழைக்கப்படும்போதெல்லாம் நூறு தலைகள் நிமிர்ந்து, மீண்டும் கவிழ்ந்தன.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நாட்டில் உரிமம் பெற்ற ஒரே சூதாட்டக் கூடம் இம்மலையில்தான் இருக்கிறது. முஸ்லிம்களுக்கும், 21 வயது நிரம்பாதோருக்கும் அங்கு அனுமதியில்லை. ஏனையோருக்குத் தடையில்லை. அறை கிடைக்கும்வரை ‘சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று எழுந்து போன குடும்பத் தலைவர்கள், மறுநாள் சீட்டுக்கு வைத்திருந்த பணத்தை முதல் நாளே தொலைத்துவிட்டு வந்த செய்திகள் நம்மவர்க்குப் புதியன அல்ல. பொழுது போகாத மனிதனுக்குக் கதவு திறந்தே இருப்பது பெரும் சோதனை. இக்குடும்பத்தின் தலைவர் அத்தகையவர் அல்லர். எனினும் இல்லத்தரசி பணப்பையைத் தம் கைப்பையில் போட்டு இழுவையை மூடிக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கணவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அந்தப் பணப்பைதான் சற்று நேரத்தில் வழக்கைக் கொண்டுவந்தது.

“கொடு, சீட்டு எடுத்துவிட்டு வருகிறேன். இப்போதே உள்ளே போகலாம்” என்றார் கணவர்.

“என்னங்க இது? நாளைக்கும் ஒரு சீட்டு வேண்டும். இன்றைக்கு மணி ஒன்றாகப் போகிறது. ஐந்து பேருக்கு அரைநாளைக்கு முழுக்காசு கொடுப்பதா?” என்றார் மனைவி.

“பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறான்.”

“பிள்ளை விடியற்காலையிலிருந்து விழித்திருக்கிறான். இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கே சாய்வான் என்று தெரியாது. அத்தை மாத்திரை போட வேண்டும். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.”

மனைவி கூறியவை யாவும் சரி. மலையில் பிற்பகல் மழை வழக்கமானது. இடி மின்னல் வந்தால் வெளிப்புற வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதற்காகச் சீட்டின் தேதி மாறிவிடாது. இவற்றையெல்லாம் கணவரும் அறிவார். இயந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் கணக்கிட்டு மாற்றுபவர் அவர். ஆயினும் அன்று அவருக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. “போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தால் கடைசியில் மழைதான் வரும்; எனக்குத் தெரியும்” என்றார். குரல் சற்று உயர்ந்துவிட்டது. மகள் காதில் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். சிறுவன் தந்தையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான். தன்னால்தான் சண்டை என்று பிள்ளைகள் எவ்வளவு விரைவில் முடிவு செய்துவிடுகிறார்கள்!

மூதாட்டி அடுக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“அன்றைக்கு வரிசை பெரிதில்லை ஐயா” என்றார்.

மகனுக்கு விளங்கவில்லை. அவர் மீண்டும் சொன்னார். “படகுக்கு வரிசையே இல்லை. நாலு பேர்தான் நின்றார்கள். என் மடியில் பத்து வெள்ளி இருந்தது. உன் தங்கச்சிக்குக் காதில் சீழ் வந்து ஈப்போவுக்குக் கூட்டிப்போக வைத்திருந்த காசு. உன்னைப் படகில் ஏற்றினால் கையில் மிச்சம் போதாது. இல்லை என்று சொன்னால் நீ அழுவாய். அதனால் வரிசை பெரிது என்று சொன்னேன். மழை வந்தது என் நல்ல காலம்.”

கூடத்தின் இரைச்சல் அப்படியே இருந்தது. யாரோ ஒரு குழந்தை கத்திற்று. யாருடைய எண்ணோ அழைக்கப்பட்டது. மூதாட்டி அழவில்லை, வருந்தியதாகவும் தெரியவில்லை. எவரிடமோ வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுப்பவர் போல் அதைச் சொல்லிவிட்டு, மருமகளிடம் தட்டு எங்கே என்று கேட்டார்.

தங்கையின் காது குணமானது மகனுக்குத் தெரியும். அத்தங்கை இன்று சிரம்பானில் தாதியாகப் பணிபுரிகிறார். ஆனால் அந்தக் காதுக்கும் அந்தப் படகுக்கும் இருந்த தொடர்பை நாற்பதாண்டுகளாக ஒருவர் மட்டுமே சுமந்திருக்கிறார். மழையின்மேல் பழியைப் போட்டு அவர் சிரித்துச் சொன்ன கதையை அத்தனை முறையும் தாயார் அருகிலிருந்து கேட்டிருக்கிறார்; பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தும் இருக்கிறார்.

அவர் சீட்டு வாங்கப் போகவில்லை. பெட்டியின்மேல் அமர்ந்தார். கூடத்தின் ஓரத்திலேயே காகிதத் தட்டுகளில் புளிச்சோறு பரிமாறப்பட்டது. வழக்கமாக வெளியிடத்தில் வீட்டுச் சோறு உண்பதற்குக் கூசும் மகளும் அன்று இருமுறை கேட்டு வாங்கினாள். எதிரே இருந்த சிங்கப்பூர்த் தம்பதியர் மணம் பிடித்துத் திரும்பிப் பார்க்க, மூதாட்டி அவர்களுக்கும் ஒரு தட்டு அனுப்பினார். அதன் பின்னர் அவர்களுடைய கைக்குழந்தை ஒரு மணி நேரம் மூதாட்டியின் மடியில்தான் இருந்தது.

3 மணிக்குச் சில நிமிடங்கள் கழித்து அறையின் சாவி அட்டை கைக்கு வந்தது. அறைக்குள் நுழைந்த சிறுவன் கட்டிலில் ஒருமுறை குதித்தான். இரண்டாம் முறை குதிக்கவில்லை. காலணியோடு உறங்கிப்போனான். நான்கு மணிக்கு இடி இடித்தது. சன்னலுக்கு வெளியே பூங்காவும் மலையும் ஒருசேர மறைந்தன. மனைவி கணவரைப் பார்த்தார். ‘நான் சொன்னேனே’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதற்காகவே அவருக்கு அன்று ஒரு மாலை சூட்டியிருக்கலாம்.

மாலையில் மழை ஓய்ந்ததும் குளிராடை அணிந்துகொண்டு கட்டணமில்லா இடங்களில் சுற்றினார்கள். கூரையின் கீழிருந்த உள்ளரங்கப் பூங்காவின் விளக்குகளைப் பார்த்தார்கள். காலையில் எந்த வழியில் செல்வது, கழிவறை எங்கே, பாட்டி அமர இடம் எங்கே என்றெல்லாம் மகள் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டாள். புதிய பூங்காவின் நுழைவாயில் அருகே தந்தையார் சற்று நின்றார். பழைய ஏரி எந்தப் பக்கம் இருந்தது என்று திசை கணிக்க முயன்றார், முடியவில்லை. கட்டடங்கள் மாறியிருந்தன, வேலி இருந்த இடமும் தெரியவில்லை. அருகில் வந்து நின்ற மகன், “அப்பா, இங்கே அளவுகோல் இருக்குமா?” என்று கேட்டான். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல்ல வாயெடுத்தவர், அதை விடுத்து, அவனைச் சுவரோரம் நிறுத்தித் தம் சட்டைப் பொத்தான்களைக் கொண்டு அளந்து பார்த்தார். தொழிற்சாலையில் பல ஆண்டு அளவெடுத்தவர் கணக்குத் தப்பாது. “போதும்டா” என்றார். சிறுவன் விடுதிவரை ஓடியே வந்தான்.

இரவுணவு வெந்நீர்க் கெண்டியில் கொதித்த நீரும் பொட்டல மீயும்தான். குளிருக்கு அது அமுதமாக இருந்தது. பிள்ளைகள் படுத்தபின் இல்லத்தரசி மறுநாள் ஆடைகளை நாற்காலியின்மேல் ஒழுங்காக வைத்து, எழுப்பு மணியை 6 மணிக்கு அமைத்தார். கணவர் கைத்தொலைபேசியில் நால்வருக்குச் சீட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார். தாயார் பூங்காவுக்குள் வரமாட்டார், வெளியே இருக்கையில் அமர்ந்திருப்பார் என்பது முன்பே பேசி முடித்த செய்தி.

சன்னலருகே அமர்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்த மூதாட்டி, “உள்ளே படகு உண்டா?” என்று கேட்டார்.

“தெரியவில்லையே அம்மா. உட்கார்ந்துகொண்டே சுற்றுகிற வண்டி நிறைய இருக்கும்.”

“அப்படியானால் எனக்கும் ஒன்று எடு.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றை நீட்டினார். மகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கி, விரித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“மீதி எவ்வளவு?” என்றார் தாயார்.

“மீதி இல்லை அம்மா” என்றார் மகன்.